கண் போட்டோவுக்கு ஒரு நாள் கூலியா?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கண்ணைச் சோதிக்காமல் எடுப்பதில்லை. சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துவரை படிக்கச் சொல்கிறார்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே மறைந்திருக்கும் எண் என்ன என்று கேட்கிறார்கள். சரியாகச் சொல்லிவிட்டால் "ஃபிட்" என்று முத்திரை விழுகிறது. அதற்குப் பிறகு பத்து வருஷம், பதினைந்து வருஷம் அந்தக் கண் உழைக்கிறது. ராத்திரி ஷிப்டில் விளக்கு வெளிச்சத்தில் வெல்டிங் பொட்டைப் பார்க்கிறது. பெயிண்டில் கீறல் இருக்கிறதா என்று தேடுகிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்க்க வழியில்லாமல் இல்லை. கண்ணின் உட்பக்கத்தைப் போட்டோ பிடிக்கும் காமிரா இருக்கிறது. நம் நாட்டிலேயே, பெங்களூரிலேயே அதைச் செய்கிறார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவிலும், செல்போனில் பொருத்துகிற அளவிலும் வந்துவிட்டது. ஒரு காமிராவின் விலை சில லட்சம் ரூபாய். கோடிக்கணக்கில் முதல் போட்டு ரோபோ இறக்குகிற இடத்தில் இது ஒரு தொகையே அல்ல. பிறகு ஏன் வல்லக்கோட்டையில் குடியிருக்கும் தொழிலாளிக்கும், ஏரிப் பாசனத்தில் மிஞ்சியிருக்கும் வயல்களில் நடவு நடுகிற பெண்ணுக்கும் அந்தப் போட்டோ கிடைக்கவில்லை? இதுதான் கேள்வி.

முதலில் வியாதியைப் பற்றி. நீரிழிவு, நாம் சர்க்கரை வியாதி என்று சொல்வது, பணக்காரர் வியாதி என்ற பேச்சு எப்போதோ செத்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். ஒரு கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் என்று கணக்கு வருகிறது. இளைஞர்கள் நிறைந்த பஸ்ஸில் குறையலாம். காவல், கேண்டீன், துப்புரவு, லோடிங் வேலைக்குப் போகும் நாற்பது வயதுக்காரர்களின் வேனில் கூடலாம்.

நம் பக்கத்துக் கிராமங்களைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக் கிராமங்களில் நீரிழிவு உள்ளவர்களின் கண்களைப் போட்டோ எடுத்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு விழித்திரை கெடத் தொடங்கியிருந்தது. சென்னை நகரத்தில் அவர்கள் முன்பு எடுத்த கணக்கில் அது பதினெட்டு. கிராமத்துக்கும் பட்டணத்துக்கும் இருந்த அந்த இடைவெளி நம் பகுதியில் எத்தனை நாள் நிற்கும்? வயல் பிளாட்டாக மாறியது. களத்து மேட்டில் நின்றவர் செக்யூரிட்டி உடுப்பில் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஷிப்டு மாறி மாறி வருவதால் தூக்கம் கெடுகிறது. வேளை தவறிச் சாப்பாடு. நடுராத்திரியில் டீயும் பிஸ்கோத்தும். உடம்பு பட்டணத்து உடம்பாகிவிட்டது. வைத்திய வசதி மட்டும் பட்டணத்திலேயே நிற்கிறது.

சர்க்கரை கண்ணை என்ன செய்கிறது? கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வெளிச்சம் அதில் விழுந்தால்தான் நமக்குப் பார்வை. அந்தப் படலத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் தலைமயிரைவிட மெல்லியவை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி ஏறி நின்றால் அந்தக் குழாய்களின் சுவர் இற்றுப்போகிறது. பழைய ரப்பர் குழாய் அங்கங்கே புடைத்துக் கசிவதுபோலக் கசிகிறது. சில குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. ரத்தம் கிடைக்காத இடத்தில் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை வலுவற்றவை, ஒருநாள் உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டுகிறது. ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவும் நடக்கும்போது வலி கிடையாது. சிவப்புக் கிடையாது, எரிச்சல் கிடையாது. பார்வைகூட வெகுகாலம் குறையாமல் இருக்கும். அட்டையின் கடைசி வரியைத் தடையில்லாமல் படிக்கிறவனுடைய விழித்திரையில் ரத்தக் கசிவு இருக்கலாம். கம்பெனி வாசலில் அடித்த "ஃபிட்" முத்திரைக்கு இந்த விஷயத்தில் மதிப்பு எதுவும் இல்லை.

நம் ஜனங்களுக்குத் தெரிந்த கண் வியாதி புரை. புரை முற்றினாலும் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால் போன பார்வை திரும்புகிறது. 1976-ல் மத்திய சர்க்கார் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது; அதே ஆண்டில் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கையுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அதற்குப் பின் முகாம் முகாமாக லட்சக்கணக்கான ஏழைகள் பார்வை பெற்றார்கள். அது பெரிய காரியம். ஆனால் அதிலிருந்து ஒரு நினைப்பும் ஊறிவிட்டது: "மங்கட்டும், பிறகு போய் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம்." விழித்திரை விஷயத்தில் இந்த நினைப்பு ஆளைக் குருடாக்கிவிடும். செத்துப்போன விழித்திரையை மாற்றி வைக்க இன்றைக்கு வைத்தியம் இல்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான் வைத்தியம் உண்டு. லேசர் கதிரால் சுட்டுப் புதுக் குழாய்களை அடக்கலாம். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1976-ல் வந்தது. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு லேசர் வைத்தால் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று நிரூபித்தார்கள். இப்போது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் இருக்கின்றன. ஆக, வைத்தியம் கண்டுபிடித்து ஐம்பது ஆண்டு ஆகிறது. அதற்கு உரிய ஆளைக் காலத்தில் கண்டுபிடிப்பதுதான் பாக்கி. அந்த வேலையைத்தான் போட்டோ செய்கிறது.

நீரிழிவு என்று தெரிந்த உடனே ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. இவ்வளவே தேவை. இருட்டறையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் கண்மணி தானாக விரியும். தாடையை வைத்து உட்கார்ந்தால் ஒரு மின்னல், படம் விழுந்துவிடும். சிலருக்கு மட்டும், குறிப்பாக வயதானவர்களுக்கும் புரை உள்ளவர்களுக்கும், சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். விட்டால் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. வண்டி ஓட்ட முடியாது, மெஷினில் நிற்க முடியாது.

இங்கேதான் கூலி குறுக்கே வருகிறது.

இந்தப் பகுதியில் ஒரு காண்டிராக்ட் தொழிலாளியுடன் சமீபத்தில் பேசினேன். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார், வயது நாற்பத்தி நாலு. ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறார். "கண்ணைக் காட்டினீர்களா?" என்று கேட்டேன். அவர் கணக்குச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள். சொட்டு மருந்து விட்டால் திரும்பி வர ஒரு துணை ஆள், அவருடைய கூலியும் போச்சு. லீவு போட்டால் அன்றைய சம்பளம் மட்டும் போவதில்லை, அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். "எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே, எதற்கண்ணே?" என்று முடித்தார். இவரை அறியாமையில் கிடப்பவர் என்று எந்த டாக்டராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருடைய கணக்கில் தப்பு இல்லை. தப்பு, அந்தக் கணக்கை அவர்மேல் சுமத்தியவர்களிடம் இருக்கிறது.

நடவுக்குப் போகும் பெண்களின் கணக்கும் இதேதான். எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. இலவச வைத்தியம், தேர்ந்த டாக்டர்கள். ஆனால் வல்லக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். விடியற்காலை பஸ் பிடித்து, வரிசையில் நின்று, மங்கிய கண்ணோடு இருட்டிய பிறகு வீடு சேர வேண்டும். ஒன்றும் வலிக்காத கண்ணுக்காக யார் இதைச் செய்வார்கள்?

"ஏழைகளுக்கு எடுத்துச் சொன்னாலும் வரமாட்டார்கள்" என்று ஒரு பேச்சு படித்த வட்டாரங்களில் உலவுகிறது. இந்தப் பேச்சுக்குப் பதில் நம் பழைய காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே இருக்கிறது. சூனாம்பேடு, இன்று செங்கல்பட்டு ஜில்லாவில் சேர்ந்த ஊர். 2000-களின் பிற்பகுதியில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, டாக்டர் வி. மோகன் தலைமையில், அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 42 கிராமங்களில் ஒரு காரியம் செய்தது. ஒரு பெரிய வண்டி. அதற்குள் ரத்தப் பரிசோதனை, இருதயப் பரிசோதனை, கண்ணை எடுக்கும் காமிரா. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் தொடர்பு கொடுத்தது. கிராமத்தில் எடுத்த படம் சென்னை டாக்டரின் மேஜைக்குப் போயிற்று. அந்த 42 கிராமங்களில் வயது வந்தவர்கள் 27,014 பேர். நீரிழிவு சோதனைக்கு வந்தவர்கள் 23,449 பேர். நூற்றுக்கு 86-க்கு மேல்! நீரிழிவு இருந்தவர்களுக்கு வண்டியிலேயே கண்ணையும் காலையும் பார்த்தார்கள். சூனாம்பேட்டிலேயே ஒரு சிறு வைத்தியசாலையும் திறந்தார்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

ஓட்டுப் போடக்கூட நூற்றுக்கு 86 பேர் வராத தேர்தல்கள் உண்டு. சோதனைக்கு வந்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்தது, காசு கேட்கவில்லை, நாள் கூலி போகவில்லை, ஆகவே வந்தார்கள். சூனாம்பேடு விவசாயக் கூலிகள் வந்தால் வல்லக்கோட்டைத் தொழிலாளி வரமாட்டாரா? அந்தக் காரியம் ஒரு தனி நிறுவனமும் வெளியிலிருந்து வந்த உதவித் தொகையும் சேர்ந்து நடத்தியது என்பதையும் மறக்கக்கூடாது. நன்கொடை தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். நிரந்தரமாக ஓட வேண்டுமானால் அது சர்க்காரின் கடமையாக, தொழிலாளியின் உரிமையாக இருக்க வேண்டும்.

அப்படிச் செய்த நாடு இருக்கிறது. இங்கிலாந்தில் 1948-ல் தொழிற்கட்சி ஆட்சி பொது மருத்துவத்தை இலவசமாக்கியது. அந்த அமைப்பின் கீழ் 2003-லிருந்து, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லா நீரிழிவுக்காரர்களுக்கும் கண் போட்டோவுக்குக் கடிதம் போகத் தொடங்கியது. படத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பவர்களில் டாக்டர் அல்லாத, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஏராளம். விளைவு என்ன? உழைக்கும் வயதினரைக் குருடாக்கும் காரணங்களில் நீரிழிவுதான் அங்கே நெடுங்காலம் முதலிடம். 2009-10-ம் ஆண்டுக் கணக்கில், குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் முதல் தடவையாக, அது முதலிடத்திலிருந்து இறங்கியது. போட்டோ திட்டமும் சர்க்கரைக் கட்டுப்பாடு சீர்பட்டதும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதினார்கள்.

இங்கிலாந்து பணக்கார நாடு என்பீர்கள். கேரளம் பணக்கார நாடு அல்லவே! திருவனந்தபுரம் ஜில்லாவில் 16 குடும்ப சுகாதார நிலையங்களில் 'நயனாமிர்தம்' என்ற பெயரில் தொடங்கினார்கள். காமிராவை இயக்கியவர்கள் நர்சுகள். படம் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. தேவைப்பட்டவர்களை மட்டும் அழைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் டாக்டர் இல்லை என்று தட்டிக் கழிக்க இனி இடமில்லை. டாக்டர் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

படம் பார்க்கும் யந்திர மூளையைப் பற்றியும் சொல்லவேண்டும். கூகுள் கம்பெனி 2016-ல் ஒரு முறையை வெளியிட்டது. படத்தைப் போட்டால் வியாதி உண்டா இல்லையா என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. அது எதைப் பார்த்துக் கற்றது தெரியுமா? 1,28,175 படங்கள். அமெரிக்க நோயாளிகளின் கண்களோடு, அரவிந்த், சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயாவுக்கு வந்த நம் ஜனங்களின் கண்களும் அதில் உண்டு. நம் கண்ணைப் பார்த்துக் கற்ற வித்தை நமக்குப் பயன்படட்டும், ஆட்சேபமில்லை. சென்னையிலும் 2018-ல் செல்போன் காமிராவோடு இத்தகைய ஒரு முறையைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் மெஷின் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் தாய்லாந்துக் கதையையும் கேட்க வேண்டும். அங்கே சர்க்கார் வைத்தியசாலைகளில் அந்த முறையை இறக்கினார்கள். முதல் ஆறு மாதத்தில் வந்த 1,838 படங்களில் நூற்றுக்கு 21 படம் தெளிவில்லை என்று மெஷின் தள்ளிவிட்டது. இருட்டறை இல்லை, நர்சுகளுக்கு வேலைப் பளு, இன்டர்நெட் மந்தம். படம் தேறாதவர்களில் பலரை, வேறொரு நாள் வேலையை விட்டுவிட்டு டாக்டரிடம் போ என்றார்கள். திரும்பவும் அதே கூலிப் பிரச்னை! மெஷின் வாங்குவதோடு இருட்டறையும் ஆளும் வேண்டும். மெஷின் 'ஆம்' என்றால் லேசர் வைக்கும் இடம் வேண்டும். கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வைத்தியத்துக்கு வழிகாட்டாமல் விடுவது, நெருப்புப் பிடித்திருக்கிறது என்று கூவிவிட்டுத் தண்ணீர்க் குடத்தை ஒளித்து வைப்பது போல.

நம் மாநிலத்தில் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் பெண் ஊழியர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2024-ல் தொழில் நடக்கும் இடங்களுக்கும் அது விரிந்தது. நல்ல திட்டத்தை நல்லது என்று சொல்வதில் நமக்கு என்ன தயக்கம்? மாத்திரை வாசலுக்கு வருமானால் காமிராவும் வரலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! மாத்திரை வாங்குகிறவர்களின் பெயர் ஊர்வாரியாக எழுதப்பட்டது. யார் யாருக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்ற ஜாபிதா அதிலேயே கிடைத்துவிடும்.

ஈ.எஸ்.ஐ.யைப் பற்றியும் கேட்போம். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றே கால் ரூபாய். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிகிறது. நம் காசில் நடக்கும் ஆஸ்பத்திரி. நம் ஷிப்டு முடிகிற நேரத்தில், தொழிற்பேட்டைக்கு உள்ளேயே வந்து ஒரு காமிராவை வைக்க ஏன் கூடாது?

2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தது. பல உரிமைகளைப் பறிக்கிறது என்று தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. அது நியாயமான எதிர்ப்பு. அதே சமயம், நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிக்கு வருஷம் ஒரு தடவை இலவச உடல் பரிசோதனை உண்டு என்று சர்க்கார் பெருமையாக அறிவித்தது. சரி, கொடுங்கள்! எதைப் பரிசோதிப்பீர்கள்? எடையும் உயரமும் பார்த்து, பழைய எழுத்து அட்டையை மறுபடி நீட்டினால் அது பரிசோதனையா? சர்க்கரை உள்ளவருக்கு விழித்திரைப் போட்டோ அதில் சேர்ந்தே தீர வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும், பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை வாங்கப்படுகிறவருக்கும் சேர்த்து. சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது சம்பளம், போனஸ் வரிசையில் இதையும் எழுத வேண்டும்: வேலை நேரத்தில், கூலி வெட்டு இல்லாமல், அட்டெண்டன்ஸ் போனஸைத் தொடாமல்.

அதில் இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும். முடிவுச் சீட்டு தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும். கம்பெனி நிர்வாகத்துக்குப் போகக்கூடாது. இதை லேசாக நினைக்காதீர்கள். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த தடவை காண்டிராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயத்தில் மாத்திரையைக் கழிப்பறைக்குப் போய் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் இருக்கிறவரை கேண்டீன் பக்கத்திலேயே காமிராவை வைத்தாலும் ஆட்கள் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தவர் வேலையை இழந்தார் என்று ஒரு சம்பவம் நடந்தால் போதும், பிறகு ஒருவரும் வரமாட்டார்கள். வைத்தியத்துக்காக எடுத்த படம் ஆளை வெளியே தள்ள ஆயுதமாகக் கூடாது. லேசர் வைத்துக்கொண்டவர் ஓய்வுக்குப் பின் அதே வேலைக்கோ, கண்ணுக்குச் சிரமம் குறைந்த வேறு வேலைக்கோ அதே சம்பளத்தில் திரும்ப வேண்டும்.

கோரிக்கை ஜெயிக்கும்வரை கண் காத்திருக்காது. ஆகவே சில விஷயங்களை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர், இதுவரை கண்ணின் உட்பக்கத்தைக் காட்டாதவர், இந்த மாதமே ஒரு நாள் ஒதுக்க வேண்டும். நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் தாமதிக்கவே கூடாது. கர்ப்ப காலத்தில் விழித்திரைக் கேடு வேகமாக முற்றும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததைக் கண் பரிசோதனை என்று எண்ண வேண்டாம். ஒரே தெருவிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். சர்க்கரை இல்லாத ஒருவர் துணையாக வந்தால் எல்லோருக்கும் ஒரே துணை போதும், மற்றத் துணைகளின் கூலி மிச்சம். சொட்டு மருந்து விட்ட பிறகு மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டாம். கண் முன்னால் திடீரென்று கறுப்பு நூல் மிதப்பது போலவோ, திரை இறங்குவது போலவோ தெரிந்தால், நேர் கோடு வளைந்து தெரிந்தால், ஷிப்டு முடியட்டும் என்று பார்க்காமல் அன்றைக்கே எழும்பூருக்கோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ புறப்படுங்கள். சூப்பர்வைசர் லீவு தரமாட்டேன் என்றால் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். பேசவேண்டியதை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.